கொட்டாவி விடும் போன்

போன் கடைக்காரன் சொன்னதில் பாதிதான் உண்மை என்பது மதுமதிக்கு இரண்டே நாளில் புரிந்துவிட்டது.

அவள் அப்பா இசக்கிமுத்து தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். போன் கடையில் இருந்ததிலேயே மலிவானதாகப் பார்த்து வீட்டுக்கு வாங்கி வந்திருந்தார். சார்ஜ் இரண்டு நாள் நின்றது, அது நிஜம். பாட்டுப் போட்டால் சைதாப்பேட்டை ஸ்டேஷன் வரை கேட்டது, அதுவும் நிஜம். ஆனால் "கேமரா சும்மா அள்ளும்" என்றானே, அது சுத்தப் புளுகு! பட்டனை அமுக்கினால் உடனே எடுக்காது. கொட்டாவி விட்டு, சோம்பல் முறித்து, அப்புறம்தான் எடுக்கும். பறக்கிற காக்காயை எடுத்தால் வெறும் வானம்தான் கிடைக்கும்.

அன்று சாயங்காலம் தம்பி குருபிரசாத் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தான்.

"நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்!"

"ஏண்டா குரு?"

"சுவத்துல எல்லார் போட்டோவும் ஒட்டிட்டாங்க அக்கா. என் போட்டோல மட்டும் கண்ணு மூடியிருக்கு. பசங்க 'தூங்குமூஞ்சி'ங்கறாங்க. நாளைக்கு எல்லா அம்மா அப்பாவும் வந்து பாப்பாங்களாம்!"

"வேற போட்டோ குடுத்தா மாத்துவாங்கல்ல?"

"பங்கஜம் மிஸ் மாத்துறேன்னாங்க. ஆனா எனக்குத்தான் வரவே வராதே!"

அதுதான் சிக்கல். யாராவது போனைத் தூக்கி விரலை நீட்டினால் போதும், குருவின் கண் இறுக மூடிக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து சுரேஷ்குமார் மாமா வந்தார். அவர் கையில் பளபளவென்று விலை கூடின போன்.

"நவுரு நவுரு! மாமா போன் இன்னா வெலை தெரியுமா? கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள எடுத்துடும்!"

எடுத்தது. சரியாகக் கண் மூடியிருந்தபோது எடுத்தது. சத்தத்தை அணைத்துப் பார்த்தார். சோபாவில் ஏறி நின்று பார்த்தார். எத்தனை எடுத்தாலும் ஒன்றில்கூடக் கண்ணைக் காணோம்.

"டேய், ரெப்பைல டேப்பு போட்டு ஒட்டிடவா?"

குரு ஓவென்று அழுதான். "நான் வேணும்னு மூடல மாமா. அதுவா மூடிக்குது!"

"சும்மா இருங்க மாமா" என்று மதுமதி தம்பியின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

அவள் இவ்வளவு நேரமும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடுகிறவன் மூடியே கிடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும், 'அப்பாடா, முடிந்தது' என்று உடனே திறந்தான். அதற்குள் மாமாவின் போன் எடுத்து முடித்துவிட்டது. அவசரக் குடுக்கை!

மதுமதி உள்ளே ஓடி வீட்டுப் போனை எடுத்துவந்தாள்.

"இந்த டப்பாவா? இது எடுக்கறதுக்குள்ள இவனுக்கு மீசை மொளைச்சுடும்!" என்று மாமா சிரித்தார்.

"அதான் மாமா வேணும்."

வெளிச்சம் விழுகிற ஜன்னலோரம் குருவை நிறுத்தினாள். "குரு, கண்ணு மூடினா மூடட்டும். அக்கா திட்டமாட்டேன்."

"நெஜமா? மூடலாமா?"

"நல்லா மூடிக்கோ."

விரல் பட்டனை அமுக்கியது. கண் மூடியது.

"ஆச்சு!" என்றாள் மதுமதி.

"ஆச்சா அக்கா?" அகலமாகக் கண்ணைத் திறந்து குரு சிரித்தான்.

அப்போதுதான் அந்தப் போன் சாவகாசமாக 'க்ளிக்' என்றது.

படத்தில் இரண்டு கண்ணும் கோலிக்குண்டு மாதிரி மின்னின. மாமா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலர்தான் சாயம் போன மாதிரி கீது" என்று முனகினார்.

"ஆனா கண்ணு கீதே மாமா!" என்றான் குரு.

மறுநாள் காலை, தெருமுனைக் கடையில் பிரிண்ட் போட்ட படத்தோடு மதுமதி தம்பியின் வகுப்புக்குப் போனாள். பங்கஜம் மிஸ் அதை ஒட்டியதும், குரு உள்ளே வந்த ஒவ்வோர் அம்மாவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டி, கொட்டாவி விடும் போனின் கதையையும் சத்தமாகச் சொன்னான்.

மிஸ் மதுமதியை ஓரமாக அழைத்தார். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, சுவரின் உச்சியில் இருந்த தன் படத்தைக் காட்டினார். அதில் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தப் போனை யார்கிட்டயும் சொல்லாம நாளைக்குக் கொஞ்சம் கொண்டு வர்றியா?"