காலியாக விட்ட ஒன்பதாவது கேள்வி

அன்று வந்தவர்கள் பதினாறு பேர். படிவங்கள் பதினேழு இருந்தன.

கூட்டலக்கா விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபடி எண்ணினாள். பதினேழுதான். மனநல மருத்துவமனையின் முன்மேசையில் பதினொரு வருடமாக இதுதான் அவள் வேலை. வருகிறவர்கள் கூடத்தில் உட்கார்ந்து ஒன்பது கேள்விகளுக்கு எண் எழுதித் தருவார்கள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் மனம் லயிக்காமல் போனதா, சோர்ந்து கிடந்தீர்களா, தூக்கம் கெட்டதா, பசி கெட்டதா என்று போகும் கேள்விகள். இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று. மொத்தத்தைக் கூட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள். அதைப் பார்த்துத்தான் டாக்டரம்மாவைச் சந்திக்கும் நாள் முடிவாகும். அதனால்தான் நர்ஸ்கள் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவள் போடும் பூஜ்யத்தையும் விட்டுவைக்கவில்லை. உச்சியில் ஒரு வால் நீண்டிருக்கும் அதைப் பார்த்து, தலைகீழாகத் தொங்கும் பலூன் என்று கேலி செய்வார்கள்.

பதினேழாவது தாளில் பெயர் இல்லை. தூக்கத்துக்கு மட்டும் ஒன்று, மற்றதெல்லாம் பூஜ்யம். ஒன்பதாவது காலி. ஓரத்தில் நீல சாக்பொடியில் ஒரு கட்டைவிரல் ரேகை. மூக்கருகே கொண்டுபோனாள். தையல் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு தையல்காரப் பெண் வந்திருந்தாள். நகக்கண்ணில் நீல சாக்பொடி, கையில் மெஷின் எண்ணெய் வாசனை. எட்டுக் கேள்விக்கு எழுதிவிட்டு ஒன்பதாவதை விட்டுவிட்டாள். வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியதா, உயிரை விட்டுவிடலாமா என்று நினைத்தீர்களா என்பது அந்தக் கேள்வி. அதில் பூஜ்யத்தைத் தவிர என்ன எழுதியிருந்தாலும், ஒன்றுமே எழுதாமல் விட்டாலும், ஆளை வெளியே அனுப்பக் கூடாது. முகத்தைப் பார்த்துக் கேட்டு, கையோடு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போக வேண்டும். ஆனால் அன்று மூடும் நேரம். பஸ் போய்விடும். காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் ஏற்காது. கூட்டலக்கா பேனாவை எடுத்துத் தன் கையாலேயே ஒரு பூஜ்யம் போட்டாள், வாலோடு. அந்தப் பெண் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நேரமாச்சும்மா. அடுத்த வாரம் டாக்டரம்மாவைப் பாக்கலாம்" என்றாள் கூட்டலக்கா.

"சரிக்கா" என்று அவள் போய்விட்டாள். ஐந்தாம் நாள் அவள் கணவன் போன் செய்து, இனி அவள் வரமாட்டாள் என்றான். எதனால் என்பதையும் சொன்னான். தான் போட்ட பூஜ்யத்தைப் பற்றிக் கூட்டலக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். வீட்டில் மகள் இருக்கிறாள். படிப்பை முடித்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். ஒரு சம்பளத்தில் இரண்டு வயிறு.

அந்த உபரித் தாளைக் கிழித்துப் போட்டாள். மறுநாளும் ஒன்று வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. எண்கள் ஏறின. தூக்கத்துக்கு இரண்டு, பிறகு மூன்று. சோர்வுக்கு இரண்டு. எல்லாம் அவளுக்குப் பொருந்தியது. போன் வந்த நாளிலிருந்து அவள் எங்கே தூங்கினாள்? தன்னைப் பற்றித்தான் யாரோ எழுதுகிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. செத்தவள் தன்னை எடை போடுகிறாள், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைக்க நினைக்க உடம்பு சில்லிட்டது.

தாள் வரத் தொடங்கிய ஒன்பதாம் நாள், எத்தனை எண் ஏறினால் நோய் என்று தெரிந்த ஒருத்திக்காகக் கேட்பதுபோல டாக்டரம்மாவிடம் கேட்டாள்.

"ஒன்பதுல குறைஞ்சது அஞ்சு இருக்கணும். மனச்சோர்வோ நாட்டமின்மையோ ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா இருக்கணும்" என்றார் டாக்டரம்மா. "அதுவும் ரெண்டு வாரம் விடாம. ரெண்டு நாள் அழுதா அதுக்குப் பேரு நோய் இல்ல." பதற்ற நோய் என்று சொல்ல ஆறு மாதம் வேண்டும் என்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற நர்ஸ், அப்படியானால் ஒரு மாசமாப் பதறிக்கிட்டிருக்கிற அக்காவுக்கு இன்னும் அஞ்சு மாசம் டைம் இருக்கு என்று சிரித்தாள்.

கூட்டலக்கா அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டாள். பதினாலாம் நாளுக்குள் ஒரு எண்ணையாவது இறக்கிவிட்டால் தப்பித்துவிடலாம். பசிக்கு மூன்று என்று தாள் சொன்னது. சரி, சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்று வீம்புக்கு மூன்று வேளையும் தட்டு நிறையப் போட்டுத் தின்றாள். மகள் தட்டில் மிச்சம் வைத்ததையும் வழித்துத் தின்றாள். அவள் ஏன் மிச்சம் வைக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் தாளில் பசிக்கு மறுபடி மூன்று. அதன் மறுநாளும் மூன்று. பொய் சொல்கிறது சனியன் என்று முணுமுணுத்தபடி கிழித்தாள்.

பதினாலாம் நாள் மாலை நாலு மணி. வெயில் இன்னும் கூடத்தின் பெஞ்சுகளில் கிடந்தது. அடுக்கின் அடியில் கை விட்டாள். தாள் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ மடியில் வைத்திருந்து தந்ததுபோல. எட்டுக் கேள்விக்கும் மூன்று. இருபத்துநாலு. ஒன்பதாவது காலி. பெயரும் காலி. ஆனால் இத்தனை நாளும் காலியாக இருந்த மேல்வரிசையில் இன்று எழுத்து இருந்தது.

வயது: 22.

உடன் வந்தவர்: அம்மா.

கூட்டலக்காவுக்கு நாற்பத்தொன்பது.

அவள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

பஸ்ஸில் மகளுக்குப் போன் அடித்துக்கொண்டே வந்தாள். எடுக்கவில்லை. மிச்சம் வைத்த தட்டுகள் கண்முன் வந்தன. விடியற்காலையில் கதவுக்கடியில் தெரிந்த வெளிச்சம். குளிக்காத தலை. "ஒண்ணுமில்லம்மா" என்ற குரல். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. அவள் கூட்டவில்லை. ஊராருக்கெல்லாம் கூட்டினவள் பெற்ற பெண்ணுக்குக் கூட்டவில்லை.

வீட்டு வாசல் திறந்திருந்தது. உள்ளே மெஷின் எண்ணெய் வாசனை. இந்த வீட்டில் தையல் மெஷின் கிடையாது.

மகளின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மெல்லிய சத்தம். தாளில் பேனா உரசும் சத்தம்.

தள்ளினாள். திறந்துகொண்டது.

மகள் உயிரோடு இருந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கடவுளே, இருக்கிறாள், இருக்கிறாள். மகளின் மடியில் அந்தப் படிவம். கையில் பேனா. மணிக்கட்டு மட்டும் சற்றுத் தூக்கலாக நின்றது, பக்கத்தில் யாரோ பிடித்திருப்பதுபோல. மணிக்கட்டைச் சுற்றி நீலப் பொடியில் நாலு விரல் தடம்.

கூட்டலக்கா தரையில் உட்கார்ந்து மகளின் முகத்தைப் பிடித்தாள். பதினொரு வருடத்தில் யாரிடமும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"வாழவே வேணாம்னு தோணுதாடி கண்ணு? அம்மாகிட்ட சொல்லு. நான் கேக்குறேன்ல."

மகளின் கண் நிறைந்தது. உதடு துடித்தது. ஆமாம் என்று தலை அசைந்தது, ஒருமுறை, மறுமுறை. வாய் திறந்தது. வந்தது மகளின் குரல்தான். பேச்சு மகளுடையது இல்லை.

"நேரமாச்சுக்கா."

பேனா நகர்ந்தது. கூட்டலக்கா இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்தாள். முழு பலத்தோடு தொங்கினாள். நிற்கவில்லை. மகள் அம்மாவையே பார்த்தபடி, ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய கை ஒன்பதாவது கட்டத்தில், நிதானமாக, ஒரு பூஜ்யம் போட்டது. உச்சியில் வாலோடு.