உள்ளிருந்து திறக்காத கதவு

இஞ்சினை அணைத்து நிறுத்திய வண்டிக்கு அடியிலிருந்து சத்தம் வரக் கூடாது. ரெய்னோ காங்காஸுக்கு அது தெரியாதா என்ன? வாசல் பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தவனுக்கு அது மறுபடியும் கேட்டது. டக், டக், டக். பிறகு ஒன்றுமில்லை. வெயிலில் தகரம் விரிகிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், அந்த நவம்பரில் ஏரிக்கரையில் வெயிலை யார் பார்த்தார்கள்? காப்பி நேரம் தாண்டுவதற்குள் இருட்டு வந்து மரங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஈரக் காற்றில் விறகுப் புகை மணத்தது. அதற்குக் கீழே, வண்டிப் பக்கமிருந்து, பழைய இரும்பின் வாடையோடு இன்னொரு வாடையும் லேசாக வந்தது. அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு மண்வாரியைச் சுவரில் சாத்தினான்.

அறுபதுகளில் அவன் அப்பா வாங்கிய, ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும் சின்ன அமெரிக்கக் கார் அது. முன்கண்ணாடியில் அட்டை ஒன்றைச் செருகியிருந்தான்: 'விற்பனைக்கு. குறைகள் உண்டு. கேட்டால் சொல்வேன்.' ஊரே அதைப் படித்துச் சிரித்தது. இரும்புக்கடை ரெய்னோ ஆணியில் துரு இருந்தால்கூடச் சொல்லித்தான் விற்பான் என்று பேர். அப்படி ஒரு பேர் வாங்கிவிட்டால் பெரிய வசதி, அவன் சொல்லும் ஒரே ஒரு பொய்யை யாரும் தோண்டிப் பார்க்க மாட்டார்கள். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். பனி உருகுவதற்குள் இந்த வண்டி வேற்றூருக்குப் போய்த் தொலைய வேண்டும்.

"வண்டி குடுக்கறதா போட்டிருக்கே, தம்பி?"

அறுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. நடந்தே வந்திருந்தாள். பனித்தொப்பி காது வரை இறங்கியிருந்தது. கையில் சிவப்புக் கம்பளி உறை, அதில் வெள்ளை நட்சத்திரம். அதைப் பார்த்ததும் ரெய்னோ பார்வையைத் திருப்பிக்கொண்டான். இந்தப் பக்கத்தில் பாதிப் பெண்கள் அந்த மாதிரிதான் பின்னுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"ஆமாம்மா. உங்களை இந்த ஊர்ல பாத்ததில்லையே?"

"ஏரிக்கு அக்கரைக்காரி. இங்க ஒரு வேலையா வந்தேன். வீடு வீடா ஏறி இறங்கறேன், காலு போச்சு. சரி, குறையெல்லாம் சொல்லுவேன்னு எழுதியிருக்கியே, சொல்லு பாப்போம்."

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குறை சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"பெட்ரோல் முள்ளை நம்பாதீங்க, எப்பவும் பாதின்னுதான் காட்டும். ஹீட்டரைப் போட்டா நிறுத்த முடியாது. வலது பக்கக் கண்ணாடி இறங்காது. வலது கதவு உள்ளேருந்து திறக்காது, வெளியே நின்னு யாராவது திறந்து விடணும். அந்தப் பக்கம் கால் வைக்கிற எடத்துல ரோட்டு உப்பு அரிச்சு ஓட்டை. என் பொண்டாட்டி பிஸ்கட் சுடுற தகரத் தட்டை வச்சு மூடியிருக்கேன்."

"இறங்க முடியாத சீட்டு, கீழ ஓட்டை. மாமியாரை உக்கார வைக்கலாம்னு சொல்லு!" என்று சிரித்தவள், முன்பக்கம் போய்க் குனிந்தாள். "இந்த டொக்கு?"

"மான்."

இந்தப் பக்கத்தில் மான் மோதாத வண்டி ஏது? அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அவள் நசுங்கிய இடத்தை உறை போட்ட விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"கறி எப்படி இருந்துச்சு?"

"கறியா?"

"மோதின மானை வீட்டுக்குக் கொண்டுவராதவன் இங்க யாரு இருக்கான்? நீ என்ன பண்ணே?"

"அது... காட்டுக்குள்ள ஓடிருச்சும்மா."

"இவ்வளவு அடி வாங்கிட்டா? பலே மான்தான்" என்றாள். பிறகு வலது கதவைத் திறந்து பிடித்தாள். "ஏறு. ஓட்டிப் பாக்கணும். தெரியாத ரோடு, நீ கூட வந்து வழி சொல்லு. கதவை நானே சாத்தறேன்."

வண்டி போனால் போதும் என்று ஏறிக்கொண்டான்.

நன்றாகத்தான் ஓட்டினாள். சர்ச் வரை போய்த் திரும்பினால் போதும் என்றான். சர்ச் விளக்குகள் வந்தன, போயின. அவள் ஏரி ரோட்டில் திருப்பினாள். ஹீட்டர் அடுப்பு மாதிரி ஊதியது. அந்தச் சூட்டில் நனைந்த கம்பளி வாடை கிளம்பி, அவன் நாக்கு வரை வந்து ஒட்டிக்கொண்டது. ஒற்றை ஹெட்லைட் வெளிச்சத்தில் பைன் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் போயின.

அவன் காலுக்குக் கீழே, தட்டில், டக், டக், டக்.

"அது என்ன சத்தம்?"

"சைலன்சர். தொங்குது. சொல்ல மறந்துட்டேன்."

"மூணு தட்டு தட்டிட்டு நிறுத்துது, சைலன்சர்!"

ரெய்னோ வெளியே பார்த்தான். இந்தப் பருவத்தின் முதல் பனிப்புயல் அடித்த அன்றைக்கும் இதே ரோடுதான். பேக்கரியில் வேலை பார்த்த ஐலி என்ற பெண், ஊரில் வாடகை அறையில் தனியாக இருந்தவள், வேலை முடிந்து பனிப்புயலில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். மோதியது தெரிந்தது. வண்டிக்கடியில் அவள் மாட்டிக்கொண்டதும் தெரிந்தது. தட்டை அவள் கீழிருந்து தட்டினாள். அவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். வளைவு வரும் வரை தட்டினாள். தட்டல் நின்ற பிறகுதான் வண்டியை நிறுத்தினான், நட்சத்திரம் பின்னிய சிவப்பு உறை போட்ட கையைப் பிடித்து அவளை இழுத்தான், பள்ளத்தில் தள்ளினான். மேலே பனி பெய்து மூடிக்கொண்டது. அவளைத் தேடப் போனவர்களோடு டார்ச் பிடித்துக்கொண்டு அவனும் போனான். எதிர்த்திசைக்குக் கூட்டிப் போனதே அவன்தான். "பெரிய ஊருக்குப் போயிருக்கும், வயசுப் பொண்ணுதானே" என்று சர்ச்சில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னதும் அவன்தான். அவ்வளவு கேடுகெட்டவன்.

வளைவில் இஞ்சின் இருமியது. நின்றது. முள் பாதியில் இருந்தது.

"பெட்ரோல் முள்ளு பொய் சொல்லும்னு நீ சொன்னது நிஜம்தான்" என்றாள் அவள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். அவள் பக்கத்துக் கதவை அறைந்து சாத்தினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் வந்து, கண்ணாடியில் முகத்தை ஒட்டினாள்.

"கதவைத் திறங்கம்மா."

"நேத்து உன் வாசலைத் தாண்டிப் போனேன். இந்த வண்டி சும்மா நின்னுட்டிருந்துச்சு. அடியில தட்டற சத்தம் கேட்டுச்சு." கண்ணாடிக்கு அப்பால் அவள் குரல் அமுங்கிக் கேட்டது. "சின்னப் புள்ளையிலேருந்தே என் ஐலி அப்படித்தான் தட்டுவா. மூணு தட்டு, நிறுத்துவா. அம்மா, கதவைத் திறன்னு அர்த்தம்."

ரெய்னோ உள் கைப்பிடியைத் திருகிப் பார்த்தான். "மான்னு நெனச்சேன். சத்தியமா."

"உன்னை ஒண்ணுதான் கேக்கறேன், தம்பி. எவ்வளவு நேரம் தட்டினா?"

மறுபக்கக் கதவு இருக்கிறதே! சீட்டின் மேல் தாவினான்.

கால் வரவில்லை.

குனிந்தான். தகரத் தட்டு ஒரு பக்கம் தூக்கியிருந்தது. ஓட்டை வழியே ரோட்டுப் பனி தெரிய வேண்டும். தெரியவில்லை. ஒரு சிவப்புக் கம்பளி உறை தெரிந்தது. வெள்ளை நட்சத்திரம். ஈரம். அது அவன் கணுக்காலைச் சுற்றிப் பிடித்திருந்தது.

உதறினான். பிடி இறுகியது.

இழுத்தது. ஓட்டை சின்னது. பாதம்கூட நுழையாது. அது மறுபடி இழுத்தது. துருப்பிடித்த விளிம்பு தோலில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தத்தை அவனே கேட்டான்.

"அம்மா! திறங்க! ஐயோ, திறங்க!"

கண்ணாடியை அறைந்தான். கதவை அறைந்தான். டக், டக், டக்.

வெளியே அவள் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றாள். மறு கையால் தொப்பியை விலக்கிவிட்டு, கதவுத் தகரத்தில் காதை வைத்துக்கொண்டாள்.

"தட்டு" என்றாள். "நான் இங்கதான் நிக்கறேன். கேக்கறேன்."

முழங்கால் வரை அவன் கால் ஓட்டைக்குள் போயிருந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பனி பெய்யத் தொடங்கியது.