லண்டனுக்குப் போக வேண்டிய வாய்

காலை எட்டு மணி அடித்து ஓய்ந்தபோது ரொட்டித் துண்டு டாக்டர் எட்மண்ட் ஹாஸ்கினின் பல்லில் இடித்து நின்றது. வாய் அந்த அளவுக்குத் திறக்கவில்லை. துண்டைப் பாதியாகப் பிய்த்தான். அதுவும் இடித்தது. மறுபடி பிய்த்து, விரலால் உள்ளே தள்ளித் தின்றான். குளிர் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

லிவர்பூலில் பிப்ரவரி மாதம் ஆற்றிலிருந்து ஏறிவரும் மூடுபனி, துறையின் தார் வாடையையும் ஊறிய கயிற்று வாடையையும் சுமந்துகொண்டு சன்னல் இடுக்கு வழியாக நுழைந்து, படுக்கை, சட்டை, சர்க்கரைக் கிண்ணம் எல்லாவற்றின்மீதும் உட்கார்ந்துகொள்ளும். அது அவனுக்குப் பழகிய வாடை. இன்று அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. மிளகும் பனையெண்ணெயும் சேர்த்துக் குழைய வேகவைத்த அவரை.

"பெக், அடுப்புல என்ன வேகுது?"

"ஆட்டுக்கறி, ஐயா." சமையல்காரி கதவருகே நின்றாள்.

"அவரை வாடை அடிக்குது."

"அவரையா? குதிரைக்குப் போடுறதை இந்த வீட்டுல நான் எதுக்கு வேக வைக்கப் போறேன்? ஐயாவுக்கு மூக்கு அடைச்சிருக்கு."

அவள் போனாள். வாடை போகவில்லை.

மறுநாள் விடியலில் அவன் லண்டன் வண்டி ஏற வேண்டும். அடிமை வியாபாரத்தை விசாரிக்கும் சபையின் முன் நின்று, கப்பலில் கறுப்பர்கள் வயிறார உண்டார்கள், மாலையில் ஆனந்தமாக ஆடினார்கள் என்று சொல்ல வேண்டும். கப்பல் முதலாளி ராய்ஸ்டன் அந்த வாக்கியங்களைக் கிளிக்குச் சொல்லித் தருவதுபோல் சொல்லித் தந்திருந்தான். 'ஆனந்தமாக' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொல்லியிருந்தான். ஹாஸ்கின் நல்ல கிளி. அந்தக் கப்பல்களில் வைத்தியனாகப் போய்வந்துதான் இந்த வீடு, வெள்ளிக் கரண்டிகள், தேவாலயத்தில் முன்வரிசை எல்லாம் சேர்ந்தன.

ஜோப் பென்னி என்ற மாலுமியும் அதே சபைக்குப் போவதாக இருந்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்லப்போவதாகச் சாராயக் கடை கடையாக உளறித் திரிந்தான். போன வாரம் ஹாஸ்கின் அவனுக்கு ரம் வாங்கிக் கொடுத்து, தோளில் கைபோட்டுத் துறை விளிம்புவரை நடத்திப் போய், தண்ணீரில் தள்ளினான். விழும்போது பென்னி அவன் கட்டைவிரலைக் கடித்தான். குடிகாரன் தவறி விழுந்து செத்தான் என்று ஊர் முடிவு கட்டியது; ராய்ஸ்டனுக்கு மட்டும் உண்மை தெரியும்.

அதற்குத் தூக்குக் கயிறு உண்டு. ஆகவே ஹாஸ்கின் அதை நினைத்துப் பயந்தான். பென்னி கண்ணால் பார்த்த விஷயத்துக்குத் தண்டனை எதுவும் கிடையாது. ஆகவே அதை அவன் நினைத்ததே இல்லை.

மதியம் கண்ணாடி முன் நின்று பாடத்தை ஒப்பித்துப் பார்த்தான். 'வயிறார' என்பது பல்லிடுக்கில் சீறலாக வந்தது. அப்போது பக்கத்து அறையில் ஒரு சத்தம். எண்ணெய் காணாத இரும்புத் திருகாணியை யாரோ பொறுமையாகத் திருப்புவது போல. கிர்ர்.

போய்ப் பார்த்தான். நாற்காலி, மேசை, மூடிய சன்னல். யாரும் இல்லை.

திரும்பி வந்து கண்ணாடியைப் பார்த்தபோது வாய் இன்னும் கொஞ்சம் மூடியிருந்தது.

கடிபட்ட விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். புண்பட்டவர்களுக்குத் தாடை பூட்டிக்கொள்வதை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் இந்தக் காயம் ஆறிவிட்டது. சிவப்பில்லை, வலியில்லை.

கிர்ர்.

அந்தத் திருகாணியை அவனுக்குத் தெரியும். இரண்டு இரும்புக் கால்களும் ஒரு திருகும் கொண்ட கருவி. பல்லுக்கிடையே நுழைத்துத் திருப்பினால் கால்கள் விரிந்து வாயைப் பிளக்கும். சாப்பிடாமல் செத்துப்போகப் பார்க்கிறவர்களுக்காகக் கப்பல் வைத்தியர்கள் வைத்திருப்பது. ஒரு பயணத்தில், சாப்பிட மறுத்த அடிமைப் பெண் ஒருத்தி பல்லை இறுகக் கடித்திருந்தாள். கருவி நுழைய இடமில்லை. அவன் சுத்தியலால் இடம் உண்டாக்கினான். பென்னி அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். பற்கள் தளத்தில் உருண்டன. அவரைக் கூழை ஊற்றினான். அது மூச்சுக்குழலில் போயிற்று. "அடம் பிடிச்சா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். பென்னி பற்களைக் கடலில் பெருக்கித் தள்ளினான். பிறகு அவளையும் தள்ளினார்கள்.

அவள் பெயரை அவன் கேட்டதில்லை.

கிர்ர். இப்போது இதே அறையில்.

தாடை பூட்டிக்கொண்டது. விரலால் இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். அசையவில்லை.

அவரை வாடை. தொண்டைவரை.

நாக்கின் அடியில் ஏதோ ஒன்று. சிறியது. கெட்டியானது. கூரான விளிம்பு. துப்ப வழியில்லை. நாக்கால் ஒதுக்கினான். அங்கே இன்னொன்று இருந்தது.

விளக்கேற்றும் நேரத்தில் ராய்ஸ்டன் வந்தான். கூடவே ரிஸ் என்ற வேல்ஸ்காரன், தொழிலுக்குப் புதிதாக வந்த வைத்தியன்.

"பெக் ஓடி வந்து சொன்னா, டாக்டருக்கு வாய் பூட்டிக்கிச்சுன்னு. நான் சிரிச்சேன்." ராய்ஸ்டன் கையுறையைக் கழற்றினான். "ஏன்யா, இத்தனை வருஷம் உன் வாய்க்குத் தீனி போட்டிருக்கோம். வேலை வர்ற நேரத்துல மூடிக்கிட்டா எப்படி?"

ஹாஸ்கின் முனகினான்.

"நடிக்காதே. பென்னி விஷயத்துல நான் வாயை மூடிக்கிட்டிருக்கேன். நீ திறந்தாத்தான் நான் மூடுவேன். இல்லேன்னா காலையில லண்டன் வண்டி இல்ல, நேரா தூக்குமேடை. புரியுதா?"

ரிஸ் தாடையை அழுத்திப் பார்த்தான். "இறுகிப் போயிருக்குங்க. கையால முடியாது." பையிலிருந்து எடுத்தான். "வர்ற வழியில வாங்கினேன். கடையில ஷூ பக்கிளுக்குப் பக்கத்துலயே தொங்குது."

இரண்டு இரும்புக் கால். ஒரு திருகு.

ஹாஸ்கின் சுவரோடு ஒட்டிக்கொண்டான். தலையை ஆட்டினான். திறக்கக் கூடாது. அவனுக்குத் தெரிந்தது. வாய்க்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கு மட்டும் தெரிந்தது.

"அட, இதைப் பார்த்தா பயப்படுறே?" ராய்ஸ்டன் சிரித்தான். "உன் சாமான்தானேய்யா இது. தம்பி, பாத்துச் செய்யி. பல்லு ஒண்ணு கூட உடையக் கூடாது. சபையில ஆள் பாக்க லட்சணமா நிக்கணும்."

நாற்காலியில் அழுத்தினார்கள். பெக் கையைப் பிடித்துக்கொண்டாள். ராய்ஸ்டன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருந்த இடுக்கில் இரும்பு நுழைந்தது. சில்லென்று.

கிர்ர்.

வலி. கண்ணில் நீர்.

கிர்ர்.

"அடம் பிடிக்காதே," என்றான் ராய்ஸ்டன்.

கிர்ர்.

திறந்தது.

அவரை வாடை அறையை நிரப்பியது. பெக் கையை விட்டுவிட்டு மூக்கைப் பொத்தினாள். ரிஸ் மெழுகுவர்த்தியை வாயருகே கொண்டுவந்து குனிந்தான். குனிந்தபடியே நின்றான். பிறகு இடுக்கியை உள்ளே விட்டு ஒன்றை எடுத்து, மேசைமேல் இருந்த தட்டில் போட்டான்.

டிங்.

வெள்ளை. பாதியில் உடைந்தது. வேரில் ஈரம்.

இன்னொன்று. டிங். இன்னொன்று.

ராய்ஸ்டனின் கைகள் தலையிலிருந்து விலகின. ரிஸ் ஈறு ஓரமாக விரலை ஓட்டி ஹாஸ்கினின் பற்களை மேலும் கீழும் தடவிப் பார்த்தான். ஒன்றும் குறையவில்லை. மறுபடி தடவினான். நாக்கின் அடியில் இன்னும் உருண்டன.

"உங்க பல்லெல்லாம் அப்படியே இருக்குங்க, ஐயா," என்றான். மெழுகுவர்த்தியைத் தட்டின் பக்கம் திருப்பினான். "அப்ப இது யாரோடது?"