மீன்காரப் பொம்மைக்கு நெற்றிக்காசு

காட்சிசாலையின் கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. மேலே ஓட்டில் ஒழுக்கு இல்லை, கண்ணாடியில் கீறல் இல்லை, பூட்டும் பூட்டினபடியே இருந்தது. ஆனாலும் மரப்பொம்மைகளின் காலடியில் விரற்கடை உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர், அதன்மேல் ஒரு துணுக்குப் பாசி, மூடியைத் தூக்கியதும் குப்பென்று முகத்தில் அடித்த ஏரிச்சேற்றுக் கவிச்சை. வேறொருத்தியாக இருந்தால் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருப்பாள். கெங்கம்மாள் பழந்துணியால் ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்தாள். அவளுக்கு எதுவும் உறைக்காமல் போய்ப் பதினாலு நாள் ஆகிறது.

எழுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி மழை அது. அவள் புருஷன் வேலுசாமி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை முடித்து, ஏரிக்கரை வழியாக வீட்டுக்குக் கிளம்பினவன் வந்து சேரவில்லை. சைக்கிள் மட்டும் மதகோரம் கிடந்தது. வலை போட்டுப் பார்த்தார்கள், முங்கிப் பார்த்தார்கள், ஆள் அகப்படவில்லை. அன்றிலிருந்து கெங்கம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வீம்பா என்ன? வரவில்லை, அவ்வளவுதான். தொடையைக் கிள்ளிக்கூடப் பார்த்தாள். யாருடைய தொடையையோ கிள்ளின மாதிரி இருந்தது. பத்தாம் நாளே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? நேற்றுச் சாயங்காலம் நாத்தனார் ராஜம்மா கரையான்சாவடியிலிருந்து வந்து, உள்ளேகூட நுழையாமல், தெருவே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

"புருசன் பூட்டான், கண்ணுல ஒரு பொட்டு தண்ணி இல்ல. நீயெல்லாம் ஒரு பொம்பளையா? பதினாறாம் நாளு வைக்கோல் பொம்ம கட்டி காரியம் பண்றோம். அன்னிக்காச்சும் அழுதீனா சரி. இல்லாங்காட்டி புள்ளைய நான் இட்டுகினு பூடுவேன். எங்கண்ணன் கொயந்தைய ஒரு கல்லுகிட்ட உட்டு வெக்கமாட்டேன், ஆமா!"

பிள்ளை சாமுண்டீஸ்வரிக்கு ஆறு வயசு. ராஜம்மா சொன்னால் செய்கிறவள். கெங்கம்மாளுக்கு இது ஒன்றுதான் உறைத்தது, அதுவும் நாலு வீடு தள்ளி யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. நாளை மறுநாள் அழ வேண்டும். அழாவிட்டால் குழந்தை போய்விடும்.

அவள் கூட்டித் துடைக்கிற காட்சிசாலை திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பழைய பங்களா. சைகோனில் ஜவுளி வியாபாரம் பார்த்துத் திரும்பிய செட்டியார் ஒருவர் கண்டதையெல்லாம் வாங்கிச் சேர்த்துவிட்டு, கண்ணை மூடுகிறபோது ஊருக்கு எழுதிவைத்துவிட்டார். ஒரு பக்கம் வியட்நாம் தேசத்துத் தண்ணீர்ப் பொம்மைகள். எதிர்ச்சுவரில் பைசாந்தியம் என்கிற பழைய ரோம ராஜ்யத்துப் பொற்காசுகள் ஒன்பது; எந்தக் காலத்திலோ கப்பலேறி நம் கரைக்கு வந்து, யாரோ கழுத்தில் கோத்துக்கொள்ளத் துளை போட்டவை. வெள்ளைக்காரன் காலத்து ராஜா காசில் தலை பக்கவாட்டில் பார்க்கும். இந்த ராஜா நேரே பார்ப்பார், எதிரில் நிற்கிறவரின் முகத்துக்கே.

பொம்மைகளைப் பற்றி கிளார்க் ஜேம்ஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்வது அவளுக்கு மனப்பாடம். "இதெல்லாம் கொளத்துல ஆடுற பொம்மப்பா. ஆட்டறவன் தட்டிக்குப் பின்னால இடுப்பளவு தண்ணில நின்னுகினு இருப்பான். மூங்கில் கயி தண்ணிக்கு அடியிலியே வரும், பொம்மயோட அடில கீற ஓட்டைல சொருவி இருக்கும். பாக்கறவன் கண்ணுக்கு அவன் மட்டும் தெரியவே மாட்டான்."

அன்று மதியம் ஜேம்ஸ் சாப்பாட்டுக்குப் போனதும், கெங்கம்மாள் பொம்மைப் பெட்டியில் மீன்காரனை எடுத்தாள். கையில் கூடை, வழவழத்த அரக்குச் சிவப்பு உடம்பு, உதட்டில் அசட்டுச் சிரிப்பு. சம்பள நாளில் வேலுசாமி இப்படித்தான் சிரிப்பான். வைக்கோல் பொம்மைக்கு முகம் ஏது? முகமில்லாததைப் பார்த்து எப்படி அழுவது? ஒரு முகத்தைப் படுக்கவைத்துப் பார்த்துவிட்டால் அழுகை எங்கே இருக்கிறதென்று தெரிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. பாவம், தோன்றினதே அவ்வளவுதான்.

பொம்மையைத் துணிமேல் தெற்கே தலை வைத்துக் கிடத்தினாள். செத்தவர் நெற்றியில் ஒரு காசு ஒட்ட வேண்டுமே; துடைக்கக் கொடுத்திருந்த சாவியால் எதிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு பொற்காசை எடுத்து வைத்தாள். முந்தானையில் முடிந்து வந்த பச்சரிசியை மூன்று தரம் பொம்மையின் வாயில் போட்டாள். போட்டு, "யோவ்" என்று ஒரு தரம் கூப்பிட்டாள்.

மழை ஓட்டின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஆவடிப் பக்கம் ஒரு ரயில் கூவிப் போயிற்று. அழுகை வரவில்லை.

சரி, என்று காசை எடுத்தாள். அது வரமாட்டேன் என்றது. நகத்தால் நெம்பினபோது, காய்ந்த மரத்தில் எங்கிருந்து வந்ததோ, காசுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து பொம்மையின் கண்ணோரமாக வழிந்தது. துடைத்தாள். காசை அதன் பெட்டியில் வைத்தாள், மீன்காரனை அவன் பெட்டியில் வைத்தாள், இரண்டையும் பூட்டினாள். வாய்க்கரிசி போட்டதை வீட்டில் வைத்துக்கொள்வார்களா? எடுத்துப் போய் எரித்து அனுப்புவார்கள். காட்சிசாலைச் சாமானை எப்படி எரிக்கிறது! கூப்பிட்டாள், காசு வைத்தாள், அரிசி போட்டாள். அனுப்பவில்லை. சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பெட்டி காய்ந்திருந்தது. சொட்டு ஈரமில்லை, பாசியில்லை. மீன்காரன் சிரித்தபடி நின்றான். கெங்கம்மாளின் பாதந்தான் சில்லிட்டிருந்தது. சிவப்புச் சிமெண்டுத் தரை சுக்காகக் காய்ந்து கிடக்க, அவளுக்கு மட்டும் கணுக்காலளவு தண்ணீரில் நிற்கிற மாதிரி ஒரு குளிர். காலை எடுத்து வைக்கும்போது எதையோ தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஜேம்ஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னா கெங்கம்மா, வெள்ளத்துல நடக்கற மாதிரி நடக்கற? ஒடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள். சொல்ல நினைப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டிருந்தது.

மத்தியானத்துக்குள் குளிர் முழங்காலுக்கு ஏறியது. கை துடைப்பத்தை எடுத்தது. எடுக்கலாமே என்று பிறகுதான் நினைத்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தெருமுனையில் சாமுண்டீஸ்வரி நின்று கையாட்டினாள். கெங்கம்மாளின் வலதுகை மேலே போயிற்று. இடமும் வலமும் ஆடியது. நின்றது. கீழே இறங்கியது. குழந்தை சிரித்தது. முதன்முதலாகக் கெங்கம்மாளுக்குப் பயம் வந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு வந்த ஒரே உணர்ச்சி, அது இதுவா! ராத்திரி குழந்தையைத் தள்ளிப் படுக்கவைத்தாள்.

பதினாறாம் நாள் காலை மழை விட்டிருந்தது. வீட்டு வாசலில் வாழையிலைமேல் வைக்கோல் பொம்மை. அதற்கு வேலுசாமியின் காக்கிச் சட்டை போட்டிருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ராஜம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். பக்கத்தில் குழந்தையின் பாவாடை சட்டையெல்லாம் ஒரு மூட்டை. கட்டித் தயாராக இருந்தது.

குளிர் இடுப்புக்கு வந்துவிட்டது.

"அரிசி போடு" என்று நீட்டினார்கள். கெங்கம்மாள் கையைத் தூக்கவில்லை. கை தானே தூக்கிக்கொண்டது. மூன்று தரம் போட்டது.

வெற்றிலைச் சாறும் சாம்பிராணியும் மணத்தன. அதற்குள்ளே ஏரிச்சேற்றுக் கவிச்சை. கீழேயிருந்து.

யாரோ பிடித்திருக்கிறார்கள்.

அடியில் சொருகின கழியைத் திருப்பின மாதிரி ஒரு திருகல். வாய் திறந்தது. அகலமாக. தொண்டையிலிருந்து ஓர் அலறல் கிளம்பியது, தெருவையே உலுக்குகிற அலறல். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கலங்கலாக. உள்ளே கெங்கம்மாள் அழவே இல்லை. உள்ளே அவள், நான் இல்லை, இது நான் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தாள். அது வெளியே கேட்கவில்லை.

"அழுதுட்டா! அழுதுட்டாடி!" ராஜம்மா துணி மூட்டையைத் தள்ளிவிட்டாள். "எங்கண்ணி உள்ளியே அமுக்கி வெச்சிகினு இருந்துகீறா. நாக்குல நரம்பில்லாம பேசிட்டேனே, பாவி நான்! போடி சாமு, போ. ஒங்கம்மாகிட்ட போ."

வராதே.

"யம்மா!" குழந்தை ஓடிவந்து மடியில் விழுந்தது.

கெங்கம்மாளின் இரண்டு கைகளும் விரிந்தன. குழந்தையை வளைத்தன. சேர்த்து அணைத்தன. தலை ஒருபக்கமாகச் சாய்ந்து, குழந்தையின் உச்சியில் கன்னத்தை வைத்தது.

"வலிக்குதும்மா" என்றது குழந்தை, சன்னமாக. அலறலில் அது யார் காதிலும் விழவில்லை.

பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார்கள். தாயும் பிள்ளையும் ஆசைதீர அழட்டும் என்று ராஜம்மா எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னாள்.

கைகள் இன்னும் இறுகின.