இரண்டு பேர் தாங்காத டியூப்

ஏழுமலையைக் கட்டிக்கொண்டு நான் மீகஸ்தென்ன தோட்டத்துக்கு வந்தது 1998ஆம் ஆண்டு ஆவணியில். புளத்கொகுபிட்டியவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே மூன்று மைல் நடந்து, தொழிலாளர் அறைகள் வரிசையாக இருக்கும் கீழ்லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் நின்று திரும்பினால் டேம் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஃபெக்டரிக்குத் தண்ணீர் எடுக்க ஓடையை மறித்துக் கட்டியது. மூன்று பக்கமும் மரங்கள் கவிந்து நிற்பதால் நட்டநடுப் பகலிலும் அந்தத் தண்ணீர் கறுப்பாகத்தான் கிடக்கும்.

அவருடைய முதல் மனைவி ஜெயம்மா செத்தது அதில்தான். துணி துவைக்கப் போனவள் வழுக்கி விழுந்துவிட்டாளாம். நான் வரும்போது கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இதை ஒன்றும் மறைத்து எனக்குக் கட்டிவைக்கவில்லை. எல்லாம் தெரிந்துதான் சம்மதித்தேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் இருக்கும்போதே செத்துப்போன பெண்ணைத் தண்ணீரிலிருந்து குடத்தில் அழைத்து வருவார்கள். புதுச்சேலை படைத்து, 'நீயும் இந்த வீட்டுக்காரிதான்' என்று கும்பிட்டுவிட்டுத்தான் அவனுக்கு இரண்டாம் கல்யாணம். படைத்த சேலையைப் புதுப்பெண் கட்டிக்கொள்ள வேண்டும். பூவாடைக்காரி அழைப்பது என்று அதற்குப் பேர்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பங்கு பிடிக்காது. அக்கா கட்டிய பாவாடையைக்கூடத் தொடமாட்டேன். புருஷனில் பங்கா?

"அவ குடத்துல ஏறி வீட்டுக்குள்ள வந்தா நான் வரமாட்டேன். யாருக்குப் புருஷனா இருக்கப்போறீங்கன்னு இப்பவே முடிவு பண்ணிக்கங்க" என்று பெண் பார்க்க வந்த அன்றே சொன்னேன்.

அவருடைய அக்கா அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தரையைப் பார்த்தபடி, "சரி, வேணாம்" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. மரம் நனைந்தால் பால் வெட்டு இல்லை. விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய் நின்றுவிட்டு ஆண்கள் எல்லாம் திரும்பி வந்து தூங்கினார்கள். இவர் மட்டும் மத்தியானச் சோறு உண்ட கையோடு கூரை இறவாணத்தில் தொங்கிய லொறி டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு டேமுக்குப் புறப்பட்டார். டவுனில் டயர் கடை வைத்திருக்கும் முக்தார் நானா கொடுத்த பழைய டியூப் அது. நடுவில் சாக்கு தைத்திருந்தது. சாக்கில் உட்கார்ந்து காலைத் தண்ணீருக்குள் விட்டு, இரண்டு கையிலும் ரப்பர் செருப்பை மாட்டித் துடுப்பாகத் தள்ளிக்கொண்டு நடுவுக்குப் போவார். மழையில் தண்ணீர் கலங்கினால் கெளுத்தி அடியிலிருந்து மேலே வரும். அங்குளுவா என்று சிங்களத்தில் சொன்னால்தான் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கே விளங்கும்.

பொழுது சாயும் நேரம் ஏழெட்டுக் கெளுத்தியோடு வருவார். கறி மணக்கும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. போகும்போது முகம் கழுவி, தலைசீவி, சட்டை மாற்றிக்கொண்டு போனார். மீன் பிடிக்கப் போகிறவனுக்கு எதற்கடா சட்டை?

ஒருநாள் சாம்பல் தேய்த்து மீன் கழுவும்போதுதான் அதைக் கவனித்தேன். ஒரு மீனின் வாயிலும் தூண்டில் கிழித்த காயம் இல்லை. எட்டையும் வாயைப் பிளந்து பார்த்தேன். உதடு, தொண்டை எல்லாம் முழுசாக இருந்தன. அவர் மண்புழு தோண்டி ஒரு கிழமைக்கு மேல் ஆகிறது என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முக்தார் நானா தூண்டில் போட அணைக்கட்டுக்கு வந்தவர், போகிற வழியில் எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் செல்றேன்டு கோவிக்க வாணாம் தங்கச்சி. அந்த டியூப் ஒத்தருக்குத்தான் தாங்கும். ரெண்டு பேர் ஏற வாணாம்டு ஏழுமலைக்குச் செல்லுங்கோ."

"ரெண்டு பேரா? யாருங்க நானா?"

"பனிக்குள்ள முகம் வெளங்கல்ல. பொம்புளப் புள்ள மாதிரி ஈந்திச்சு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

மேல்லயத்தில் யார் யார் இருக்கிறார்கள், யார் சிரித்துப் பேசுகிறவள் என்று ஒவ்வொரு பெண்ணாக மனதில் நிறுத்தி வைத்து அடித்தேன். மறுநாள் அவர் போய் மூன்று மணி நேரம் கழித்து நானும் போனேன்.

நாலரை மணி இருக்கும். மழை விட்டிருந்தது. பாசி வாசமும் புளித்த ரப்பர் பால் வாசமும் சேர்ந்து அடித்தன. தவளைகூடக் கத்தவில்லை. அணைக்கட்டின் ஓரமாகக் குனிந்து போய், மூங்கில் புதருக்குப் பின்னால் நின்றேன். தண்ணீர் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. இருபது முப்பது அடி தூரத்தில் டியூப். அதில் அவர்.

தனியாகத்தான் இருந்தார்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர் பேசுவது காதில் விழுந்தது.

"நல்லாத்தான் சமைக்கிறா. உப்பு மட்டும் கொஞ்சம் கூட. சொன்னா கோவம் வரும் அவளுக்கு."

தூண்டில் நூல் சுற்றிய டின் அவர் மடியில் அப்படியே இருந்தது. நூலை அவிழ்க்கவே இல்லை.

டியூபின் எதிர்ப்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

யாரோ தண்ணீருக்குள் நின்றபடி இரண்டு முழங்கையையும் அதன் மேல் ஊன்றிக் கதை கேட்பது போல, இரண்டு இடத்தில் ரப்பர் அமுங்கி இருந்தது.

அவர் சிரித்தார்.

பிறகு அவர் மடியில் ஒரு கெளுத்தி துள்ளியது. 'கிர்ர், கிர்ர்' என்று அது கத்துவது கரை வரைக்கும் கேட்டது. அவருடைய இரண்டு கையும் டியூபின் மேல்தான் இருந்தன.

மூங்கிலை இறுகப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. என் சமையலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அங்கே போய்ச் சொல்கிறார்!

வீட்டுக்கு வந்ததும் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "யாருகிட்ட பேசினீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. "நீதான வீட்டுக்குள்ள வேணாம்னு சொன்ன" என்றார். "அவ எங்க போவா, பாவம்."

அந்தப் 'பாவம்' என்னை அறுத்தது. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னைப் பார்த்து அவர் அப்படி ஒரு தடவை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒளிவுமறைவே இல்லை. விடிந்ததும் போனார். நாளுக்கு நாள் டியூப் தாழ்ந்தது. முதலில் முழங்கால் வரை இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு நெஞ்சுக்கு. உதடு நீலம்பாரித்துத் திரும்புவார். சோறு வேண்டாம் என்பார். ஐப்பசி கடைசியில் காய்ச்சலில் விழுந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்து கேட்கவில்லை. கண் மூடியபடியே எழுந்து கதவுப் பக்கம் போனார். நானும் அஞ்சலையும் சேர்ந்து பிடித்துப் படுக்கவைத்தோம்.

"அவளும் ஐப்பசியிலதான் போனா" என்றாள் அஞ்சலை. சத்தமே வரவில்லை அவளுக்கு. "மாசம் முடியிறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிருவா. நீ வேணாம்னு சொன்ன. நீதான் கூப்பிடணும்."

"கூப்பிட்டா?"

"வீட்டுக்கு வந்துட்டா, அவன் ஏன் தண்ணிக்குப் போறான்?"

அன்று பகலே போனோம். அவரை அடுத்த காம்பராக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சலை கையில் மஞ்சள் சேலை, பூ, கற்பூரம். என் கையில் செப்புக்குடம். கரையில் நின்று மூன்று தடவை கூப்பிட்டோம். கற்பூரம் பற்றவே மாட்டேன் என்றது.

"கரைக்கு வரமாட்டா" என்றாள் அஞ்சலை. "அவன் போன எடத்துக்கு நீயும் போ."

எனக்கு நீச்சல் தெரியாது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அவர் கரையில் விட்டிருந்த டியூபில் உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பால் தள்ளித் தள்ளிப் போனேன். தண்ணீர் காலை வெட்டியது. பனி மூடி, அஞ்சலை மறைந்தாள். கெளுத்திகள் கூட்டமாக வந்து மீசையால் என் கெண்டைக்காலைத் தடவிப் பார்த்தன. ஆள் வேறு என்று தெரிந்துகொண்டனவோ என்னவோ, எல்லாம் ஒரே நேரத்தில் விலகிப் போயின.

"ஜெயம்மாக்கா, வா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒன்றும் இல்லை.

"மனசார கூப்புடு!" பனிக்குள்ளிருந்து அஞ்சலையின் குரல்.

அவர் முகத்தை நினைத்தேன். அந்த நீல உதட்டை. இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம், இல்லாமல் போனால்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வாக்கா. வீட்டுல எடம் இருக்கு. அவர விட்டுரு, நீ வா."

டியூபின் எதிர்ப்பக்கம் தாழ்ந்தது.

இரண்டு இடத்தில் அமுங்கியது.

என் முகத்துக்கு நேரே, மிகப் பக்கத்தில், யாரோ மூச்சு விட்டார்கள். ஈர மண் வாசம்.

குடத்தைத் தண்ணீரில் அமிழ்த்தினேன். பாதிதான் நிறைந்தது. தூக்கி மடியில் வைத்தால் நெல் மூட்டை மாதிரிக் கனத்தது. எதிர்ப்பக்கம் மெல்ல மேலே எழும்பி நின்றது.

குடத்தை வீட்டு மூலையில் வைத்துச் சேலை படைத்தோம். கற்பூரம் முதல் குச்சியிலேயே பற்றியது. சேலையை நான் கட்டிக்கொண்டேன். கடையிலிருந்து வந்த புதுச்சேலை, உடம்பில் பட்டதும் ஈரமாக இருந்தது.

விடிவதற்குள் அவருக்குக் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்ததில்லை.

அதன் பிறகு அவர் டேம் பக்கமே போகவில்லை. டியூபை முக்தார் நானாவிடமே கொடுத்துவிட்டார். அடுப்படியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயாமல் பேசினார்.

"ஏ புள்ள, மாவனெல்லைக்குப் படம் பாக்கப் போனமே, ஞாபகமிருக்கா?"

"இல்லாமயா? கடைசி பஸ்ஸ விட்டுட்டு, மழையில நடந்தே வந்தோமே" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கை நின்றது. நான் மாவனெல்லைக்குப் போனதே இல்லை.

அவர் நிற்கிறார், நடக்கிறார், என் பக்கத்திலேயே இருக்கிறார். நான் கேட்டதெல்லாம் இதுதான். ஆனால் அவர் என்னைக் கொஞ்சும்போதெல்லாம் வயிறு எரிகிறது. யாரை என்று கேட்க வாய் வருவதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

நேற்று நான் குளித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் சீப்போடு வந்து பின்னால் உட்கார்ந்தார். எனக்குப் பதினாறு வயதில் நெருப்புக்காய்ச்சல் வந்து முடியெல்லாம் கொட்டியது. அதற்குப் பிறகு தோளைத் தாண்டி வளர்ந்ததில்லை.

அவர் சீப்பை உச்சியில் வைத்து இழுத்தார். அது கழுத்தைக் கடந்தது. முதுகைக் கடந்தது. இடுப்புக்குக் கிட்டப் போய் எதிலோ மாட்டி நின்றது.

"பொறு புள்ள, சிக்கு" என்றார்.

எனக்கு வலித்தது.