சர்வீஸ் பார்த்த மெஷின்

பிளக்கை உருவிச் சுவரோரம் தொங்கவிட்டிருந்தான். ஆனாலும் மரம் அறுக்கும் பேண்ட்சாவின் மேல் சக்கரம் கால் சுற்று சுற்றி நின்றது.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இரும்புச் சக்கரத்தையே சுழற்றும் காற்றுக்கு முதலில் கூரை போயிருக்கும் என்பதை நினைக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் மரத்தூளும் பழைய கிரீஸும் வெயிலில் வெந்து ஒரே வாடையாகக் கிடக்க, கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்படிக்குள் நுழைந்த திருட்டுப் பூனைபோல ஓசைப்படாமல், சக்கரத்து ரப்பரில் அப்பியிருந்த தூளைச் சுரண்டினான். தொளதொளத்துக் கிடந்த ரம்பப் பட்டையை முறுக்கேற்றினான். பட்டை விலகாமல் இருபுறமும் தாங்கும் கட்டைகளை ஒரு தாள் நுழையும் அளவுக்கு நெருக்கினான்.

போன மாதமே செய்திருக்க வேண்டிய வேலை. "எல்லாம் பாத்துட்டேன், நீ அறு" என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். பட்டை விலகியது. அவள் இடது கையில் இப்போது மூன்று விரல்தான். கவனமில்லாமல் அறுத்தாள் என்று ஊரெல்லாம் சொன்னவனும் அவன்தான். அவளும் அதை நம்பிவிட்டாள்.

வெளியே அவள் அண்ணனின் குரல். "மாப்ளே, கதவச் சாத்திட்டு உள்ள என்ன தவமா?"

"சும்மா, தூசு தட்டுறேன் மச்சான்."

சக்கரம் சுற்றியது. கால் சுற்று.

மேசைமேல் ஊன்றியிருந்த இடது கையை எடுக்கப் பார்த்தான். ஒட்டவில்லை. வலிக்கவில்லை. வரவில்லை.

"அன்னைக்கும் மெஷின் சரியாத்தானே இருந்துச்சு?"

"இருந்துச்சு மச்சான்."

அரைச் சுற்று. கை தானாக ஒரு விரற்கடை முன்னே நகர்ந்தது, ரம்பப் பல்லை நோக்கி.

புரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அப்போது மனைவி பேசினாள்.

"விடுண்ணா. அவர் என்ன பண்ணுவாரு? தப்பு என்னோடதுதான். இல்லீங்களா?"

கதவிடுக்கில் இரண்டு நிழல்கள். காதுமடல் கொதித்தது.

"ஆமா," என்றான்.

சக்கரம் முழு வேகம் பிடித்தது. பட்டை ரீங்கரித்தது. அறுக்க வைத்த பலகைபோலக் கை நேராகப் போனது.

கத்தலாம். கத்தினால் உள்ளே வருவார்கள். சுரண்டிய தூளையும் நெருக்கிய கட்டைகளையும் பார்ப்பார்கள். மச்சானுக்கு மெஷின் தெரியும்.

சட்டைக் காலரை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டான். கை போய்க்கொண்டே இருந்தது.