தம்பியின் கைக்குள் எலி

எலி என்று சொன்னாலே அந்த வீட்டில் எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்பா வைத்திருப்பது தானியக் கடை. மூலைக்கு மூலை எலிப்பொறி. காலையில் எழுந்ததும் பொறிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தம்பி பல்லே தேய்ப்பான்.

அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"தசையை மசில்னு சொல்றோம்ல, அது சின்ன எலின்னு அர்த்தம் தர்ற லத்தீன் வார்த்தையிலேர்ந்து வந்தது. கையை மடக்கினா தோலுக்கு அடியில எலி ஓடுற மாதிரி இருக்குல்ல, அதான் அந்தப் பேரு! எங்கே, உன் எலியை ஓட விடு பார்ப்போம்!"

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. முறிந்த கையில் அன்றுதான் மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். கையை விறைப்பாக நீட்டியவன் மடக்கவே இல்லை.

"இப்படியே விட்டா முழங்கை இறுகிடும்" என்று அவர் கவலையோடு சொல்லி அனுப்பினார்.

கடைக்கு வந்ததும் அப்பா கெஞ்சினார். "கண்ணா, கொஞ்சம் மடக்குடா."

"மாட்டேன்! உள்ளே எலி இருக்கு. கடிக்கும்!"

"அவங்க சும்மா சொன்னாங்கடா."

"ஆஸ்பத்திரியில பொய் சொல்வாங்களா?"

கடையில் இருந்த அக்காவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பயந்தவனிடம் 'பயப்படாதே' என்று சொன்னால் பயம் போய்விடுமா என்ன?

"ஆமாண்டா, பேரு எலிதான்" என்றாள். அப்பா அவளை முறைத்தார். "அது என்ன வேலை செய்யுதுன்னு பார்க்கலாமா? அப்பா, அந்தக் கோதுமை மூட்டையைத் தூக்குங்க."

அப்பா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தூக்கினார். அக்கா தம்பியின் விரலைப் பிடித்து அவருடைய கைச் சதைமேல் வைத்தாள்.

"ஐயோ, ஓடுது!"

"கடை எலி மூட்டையைக் கடிக்கும். இது மூட்டையைத் தூக்கும். அப்பாவை எப்பவாவது கடிச்சிருக்கா?"

"இல்லவே இல்லை. இறக்கட்டுமாம்மா?" என்று அப்பா முனகினார்.

"கொஞ்சம் இருங்கப்பா!" அக்கா தன் கையையும் மடக்கிக் காட்டினாள். "இது சுண்டெலி."

தம்பி சிரித்துவிட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்போ என்னுது?"

"கட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்து இளைச்சுப் போச்சுடா. நீ மடக்கி மடக்கி நீட்டினாத்தான் அதுக்குத் தெம்பு வரும்."

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினான். வலித்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. மெலிந்த கையில் ஏதோ மெல்ல அசைந்தது.

"அப்பா! என் எலி ஓடுது!" அவன் கையைத் தடவிக்கொடுத்தான். "பாவம், அதுக்குப் பசிக்குமே. என்ன குடுக்கலாம்?"

எலிகளோடு சண்டை போட்டே தலை நரைத்த அப்பா, மூட்டையைத் தொப்பென்று இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எந்த மூட்டை வேணும்னு கேட்டுச் சொல்லுடா. அவிழ்த்து விடறேன்!"